ரிலீவர் வரவில்லை

கலியபெருமாளுக்கு வேலை போய்ப் பதினாலு மாதம் ஆகிவிட்டது. நாகப்பட்டினத்தில் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி அவருக்கு மட்டும் இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். கம்பெனி கொடுத்த ஆரஞ்சு பாய்லர் சூட்டை மாட்டி, ஷூவுக்கு லேஸ் கட்டி, மொட்டைமாடியில் போய்க் கிழக்கே பார்த்து நிற்பார். எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ரிக் இருக்கிற திசை அது. அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் கடலில் நிற்கிற ரிக் மொட்டைமாடியிலிருந்து எப்படித் தெரியும்? தெரிந்ததெல்லாம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான். அதையாவது ஒழுங்காகப் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை.

அவர் டிரில்லர். கடலுக்கு நடுவே இரும்புக் கால்களில் நிற்கிற ரிக்கில், பூமியைத் துளைக்கிற எந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்திருப்பவர். பதினாலு நாள் கடல், பதினாலு நாள் வீடு என்று இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். வேலை போன பிறகும் அந்த முறையை விடவில்லை. பதினாலு நாள் 'டூட்டி' பார்ப்பார். அப்போது தையல்நாயகி முக்காலியில் ஏறிப் பரணில் கை வைத்தால், "பர்மிட் போட்டாச்சா?" என்று, ரிக்கில் உயரத்தில் ஏறுகிறவனிடம் அனுமதிச் சீட்டு கேட்பதுபோலக் கேட்பார். முழங்கால் வலியோடு ஏறி நிற்கிற மனைவியைப் பிடித்து இறக்கிவிடத் தோன்றாது, பர்மிட்தான் தோன்றும். அடுத்த பதினாலு நாள் 'லீவு'. அப்போது பர்மிட் கேட்கமாட்டார், தூங்குவார்.

வேலை இழந்தவர்கள் மொத்தம் நாற்பத்து மூன்று பேர். எல்லோரும் சேர்ந்து கைபேசியில் 'மீண்டும் ரிக் ஏழு' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் கச்சா எண்ணெய் விலையை ஒருவர் போடுவார், மற்றவர்கள் ராசிபலன் மாதிரி வாசிப்பார்கள். எங்கோ பெயர் தெரியாத தேசத்தில் எண்ணெய்க் குழாய் வெடித்தது என்று செய்தி வந்தால் குழுவில் வரிசையாகக் கும்பிடு விழும். பாவம், கெட்டவர்கள் இல்லை. விலை ஏறினால் கூப்பிடுவார்கள் என்கிற ஒரே நினைப்பு. வேறு வேலைக்குப் போகிறேன் என்று எவனாவது சொன்னால் போதும், துரோகிப் பட்டம்தான். அப்படி முதலில் பட்டம் வாங்கியவர் சூசை.

சூசை யார் என்று சொல்ல வேண்டும். கலியபெருமாளின் ரிலீவர். இவர் கரைக்கு வரும்போது அவர் கடலுக்குப் போவார். பதினொரு வருட சிநேகம், ஆனால் மொத்தமும் பதினாலு நாளுக்கு ஒருமுறை, காலை ஆறு மணிக்கு, பதினைந்து நிமிடம் பார்த்துக்கொண்ட சிநேகம். அந்தப் பதினைந்து நிமிடமும் சண்டைதான் போடுவார்கள். வேலை போன மறுமாதமே சூசை வேளாங்கண்ணியில் பேக்கரி வைத்துவிட்டார். கலியபெருமாள் அவர் எண்ணைத் தடை செய்து, தடை செய்ததைக் குழுவிலும் அறிவித்தார்.

தையல்நாயகியின் தம்பி சிங்காரவேலு இறால் பண்ணை வைத்திருந்தான். குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்குகிற எந்திரங்கள் ராத்திரி பகலாக ஓட வேண்டும். அரைமணி நேரம் நின்றால் இறால் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதக்கும். எந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிற ஆள் வேண்டும், அத்தானை விட்டால் யார் என்று இரண்டு மாதமாக வந்து கேட்டுக்கொண்டிருந்தான். அத்தான் பிடி கொடுக்கவில்லை. ஆழ்கடலைத் துளைத்தவன் குட்டையில் போய் இறாலுக்கு விசிறி வீசுவதா? கடைசியில் அவன் திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் வேறு ஆள் என்று சொல்லிவிட்டான்.

தையல்நாயகி அன்றைக்குத் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள். "திங்கக்கிழமை காலையில இந்த வீட்டுலேர்ந்து ஒரு ஆள் பண்ணைக்குப் போகுது. நீங்க போகலன்னா நான் போறேன். உங்க கம்பெனி கூப்பிட்டா நீங்களே வெந்நி வெச்சுக் குளிச்சுட்டுப் போங்க."

அவள் சொன்னால் செய்வாள். பெண்டாட்டியை வேலைக்கு அனுப்பிவிட்டு மொட்டைமாடியில் நிற்பதை நினைத்தால் கலியபெருமாளுக்கே கேவலமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

அவரை வீட்டுக்கு அனுப்பிய கிழக்கலை எண்ணெய் நிறுவனம்தான். சனிக்கிழமை காலை கரை அலுவலகத்துக்கு வர முடியுமா, அவசரம் என்றாள் ஒரு பெண். முடியுமாவா? கலியபெருமாள் போனை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே கைகூப்பினார். குழுவில் சொன்னதும் நாற்பது பேர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள். ஒருவனை எடுத்தால் எல்லோரையும் எடுக்க வேண்டும், இதை அடித்துச் சொல்லிவிட்டு வா என்று ஆளுக்கு ஒரு கட்டளை. ஒருவர் இனிப்புக்கு நாகூர் தம்ரூட் வாங்கிப் படமே பிடித்துப் போட்டுவிட்டார். தையல்நாயகி பாய்லர் சூட்டைத் துவைத்துக் காயப்போட்டாள்.

அலுவலகத்தில் இருந்தவள் ஹர்ஷினி என்கிற இன்ஜினியர், இருபத்தாறு வயது இருக்கும். நான்கு நாளாகத் தூங்காத கண். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள். ரிக்கில் இப்போது ஆளே கிடையாது. கரையில் உள்ள ஒரு கணினி ரிக்கை ஓட்டுகிறது. ஒரு டிரில்லருடைய கை, கண், பேச்சு, முடிவு எல்லாவற்றையும் இரண்டு வருடம் பதிவு செய்து, அப்படியே அவரைப் போல வேலை செய்கிற ஒரு நிழலை உருவாக்கியிருக்கிறார்கள். இரண்டு மாதமாக அந்த நிழல்தான் டிரில்லர்.

"யாரோட நிழல்?" என்றார் கலியபெருமாள்.

ஹர்ஷினி மேஜையைப் பார்த்தாள். "உங்களோடதுதான் சார்."

அவருக்கு அந்த ஹெல்மெட் ஞாபகம் வந்தது. 'சிறந்த டிரில்லர்' என்று கேடயம் கொடுத்து, பாதுகாப்பு ஆய்வு என்று சொல்லி, இரண்டு வருடம் தலையில் மாட்டிவிட்ட ஹெல்மெட். எவ்வளவு பெருமையாகப் போட்டுக்கொண்டார்! சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லையே. நாற்பத்து மூன்று பேர் சோற்றில் மண்ணைப் போட்டவன் யார் என்று இத்தனை மாதம் திட்டிக்கொண்டிருந்தவருக்கு, ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

"நல்லாத்தான் ஓட்டிச்சு சார்," என்று அவள் தொடர்ந்தாள். "ஆனா பதினஞ்சாவது நாள் காலையில ஆறு மணிக்கு எல்லாத்தையும் பத்திரமா நிறுத்திட்டு, 'ரிலீவர் வரல'ன்னு சொல்லுச்சு. கடிகாரத்தைப் பின்னால திருப்பி மூணு தடவை ஏமாத்தினோம். நாலாவது தடவை, வந்துபோன சாமான் படகுகளை எண்ணிக் கண்டுபிடிச்சிருச்சு. ஆறு நாளா ரிக் நிக்குது."

அந்தப் பழக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட வேண்டியதுதானே என்றார் இவர். எடுத்துப் பார்த்தார்களாம். எடுத்ததும் நிழல் கண்மண் தெரியாமல் துளைக்க ஆரம்பித்துவிட்டது. அவருடைய ஜாக்கிரதையும் அந்தப் பழக்கமும் ஒன்றுக்குள் ஒன்று, வெந்த சோற்றிலிருந்து உப்பைப் பிரிக்க முடியாது என்றாள். சூசையைக் கூப்பிட்டார்களாம். "அடுப்புல பன் வேகுது, அப்புறம் பேசறேன்" என்று வைத்தவர் அப்புறம் பேசவே இல்லை. சரியென்று சூசையின் குரலைக் கணினியில் தயாரித்து, 'வணக்கம், எல்லாம் சரியாக இருக்கிறது, நீங்கள் போகலாம்' என்று சொல்ல வைத்தார்கள். நிழல் கேட்டுவிட்டு, 'நீ சூசை இல்ல' என்று சொல்லிவிட்டது.

கலியபெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்படி ஒத்துக்கொள்ளும்? வந்து உட்காருகிறவன் மூன்று குறை சொல்ல வேண்டும், அதுதான் அவர்கள் இருவரும் வைத்திருந்த சட்டம். குறை சொல்லாதவன் எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பார்க்காதவனிடம் நாற்காலியைக் கொடுத்தால் ரிக்கே போய்விடும். பதினொரு வருடச் சண்டையும் இதுதான். தையல்நாயகியே சூசையைப் பரம விரோதி என்று நினைத்திருந்தாள்.

சட்டத்தை ஹர்ஷினியிடம் சொல்லவில்லை. துருப்புச் சீட்டு கையில் இருக்கிறது, இப்போது கேட்டால் வேலை கிடைக்கும். ஒருவனுக்கு என்ன, பத்துப் பேருக்கே கேட்கலாம். ஆனால் அதற்கு முன் அந்த நிழலை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. வழக்கமான டிரில்லர் நாற்காலியும் அதற்கு எதிரே திரையும் பக்கத்து அறையில் இருந்தன. அவள் ஒரு பொத்தானை அமுக்கினாள்.

"யாரு?" என்றது நிழல். அவர் குரலேதான், தொண்டையைச் செருமுகிற விதம் உட்பட.

"நான்தான், கலியபெருமாள்."

"கலியபெருமாள் நான்ல. நீங்க யாருன்னு கேட்டேன்."

இவர் எடுத்துச் சொன்னார். அது ஒத்துக்கொள்ளவில்லை. வேலை அட்டையின் எண்ணைச் சொன்னார், அது தன்னுடைய எண் என்றது. பத்து நிமிடம் இப்படியே போனது. இந்தப் பிடிவாதத்தோடு ஒரு மனுஷி இருபத்தைந்து வருடம் எப்படிக் குடித்தனம் செய்தாள் என்று கலியபெருமாளுக்கு முதன்முறையாகச் சந்தேகம் வந்தது. கடைசியில் பொறுமை போய், திரையில் இருந்த எண்களை உற்றுப் பார்த்துக் கத்திவிட்டார்.

"என்னா லட்சணத்துல வெச்சிருக்கே? சேத்துப் பம்பு அழுத்தத்தை ரெண்டு புள்ளி ஏத்தி வெச்சிருக்கே, சூசை பாத்தா செருப்பால அடிப்பான். ரெண்டாவது, பைப்பை அடுக்கியிருக்கறதே கோணல். மூணாவது..." திரையின் மூலையில் இருந்த நாள் கணக்கைப் பார்த்தார். "ரிலீவர் வரலன்னா சத்தம் போட்டு ஊரைக் கூட்டணும். அம்பத்தாறு நாள் வாயை மூடிக்கிட்டு ஒரே இடத்துல உக்காந்திருந்தியே, அது மூணாவது."

"அது நாயந்தான்," என்றது நிழல். "வாங்க, எழுதிக்குங்க."

கைமாற்றிக் கொடுக்கும்போது கலியபெருமாள் பொய் சொன்னதே கிடையாது. அதிகாரிகளிடம் ஆயிரம் சொல்வார், ரிலீவரிடம் உள்ளதைச் சொல்வார். நிழலும் அப்படியே சொன்னது. இந்தக் கிணற்றில் எண்ணெய் இல்லை, கீழே முழுக்கத் தண்ணீர்தான். பக்கத்துக் கிணறும் அதே கதி. ஆறு மாதத்தில் ரிக்கை இழுத்துக்கொண்டு போய் உடைத்துவிடுவார்கள். நான்கு தடவை குறித்து வைத்திருக்கிறேன், சொல்லத்தான் ஆள் வரவில்லை.

ஹர்ஷினிக்கு முகம் வெளுத்தது. இப்படி ஒரு குறிப்பு இருப்பதே அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. கேட்டால்தானே? கேட்க வேண்டிய ரிலீவரைத்தான் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே.

கலியபெருமாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டார். மச்சான் சொன்னான், மனைவி சொன்னாள், சூசை பேக்கரி வைத்தே காட்டினார். இது சொல்வது அவரேயல்லவா? எங்கே போய் மறுப்பது?

நிழலுக்கு இதெல்லாம் தெரியவில்லை. சுமை இறங்கிய நிம்மதியில் ஊர்ப் பேச்சுக்கு வந்தது. "நீங்க வீட்டுலேர்ந்துதானே வர்றீங்க? தையலுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?"

கலியபெருமாள் வாயைத் திறந்தார். தெரியவில்லை. பதினாலு மாதமாக அதே வீட்டில் இருக்கிறார், கேட்கவே இல்லை. கணினிக்குள் உட்கார்ந்திருந்த இதற்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. "தேவல," என்று முனகினார்.

"சரி. நான் எப்ப திரும்பி வரணும்? கூப்பிடுவாங்களா?"

ஹர்ஷினி பின்னாலிருந்து, 'பதினாலு நாள், கூப்பிடுவோம்' என்று சைகை காட்டினாள். அவருக்கும் பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு அதிகாரி தோளைத் தட்டி, விலை ஏறட்டும், கூப்பிடுவோம் என்றுதான் சொன்னார்.

"கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் காத்துக்கிட்டு மட்டும் உக்காராதே," என்றார் கலியபெருமாள். "அது டூட்டியும் இல்ல, லீவும் இல்ல. ரெண்டுங்கெட்டான். வீட்டுக்குப் போனா வீட்டுல இரு." பிறகு நாற்காலியில் அழுத்தி உட்கார்ந்தார். "உக்காந்துட்டேன்."

"எழுந்துட்டேன்," என்றது நிழல். திரை அணைந்தது.

ஹர்ஷினி உடனே மறுபடி எழுப்பலாமா என்று கேட்டாள். லீவில் இருக்கிறவனை எழுப்பினால் அதற்குக் கோபம் வரும் என்றார். எப்படித் தெரியும் என்றாள். எனக்கு வருமே என்றார். சரி, நன்றி சார், நீங்கள் எழுந்திருக்கலாம் என்று அவள் சொன்ன பிறகுதான் ஆபத்து புரிந்தது. முறைப்படி நாற்காலியை வாங்கியாகிவிட்டது, இனி ரிலீவர் வராமல் எழுந்திருக்க முடியாது. அவள் சிரித்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். மனிதர் அசையவில்லை. வேறு வழியில்லாமல் சட்டத்தைச் சொல்லி, மூன்று குறை கண்டுபிடி என்றார். அவள் வளர்ந்த விதம் அப்படி, பெரியவர் முகத்துக்கு நேரே குறை சொல்ல வாய் வரவில்லை. கால்மணி நேரம் கழித்துச் பாய்லர் சூட்டில் பொத்தான் மாறியிருக்கிறது என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, கணினி அறைக்குள் ஷூவோடு வந்துவிட்டீர்கள் என்றாள்.

"மூணாவது?"

ஹர்ஷினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேலை கேக்கத்தானே சார் வந்தீங்க? நீங்க கேக்கவே இல்ல."

கலியபெருமாள் எழுந்துவிட்டார்.

சாயங்காலம் குழுவில் எல்லாவற்றையும் எழுதினார். நிழல் தன்னுடையது என்பதையும், கிணற்றில் தண்ணீர் என்பதையும், ஒருவரையும் எடுக்கப்போவதில்லை என்பதையும் ஒன்றையும் மறைக்காமல் எழுதினார். ஏழு நிமிடத்தில் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். இருபது நிமிடம் கழித்துத் தனித்தனியாகப் பதினொரு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், உங்கள் மச்சான் பண்ணையில் இன்னும் ஆள் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். தம்ரூட் வாங்கியவர்தான் முதல் ஆள். அன்றைக்கே சூசையின் எண்ணையும் தடை நீக்கினார். சூசை முதல் வார்த்தையாக, எடுத்த எடுப்பிலேயே மூன்று குறை சொன்னார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது தயங்கித் தயங்கி மனைவியிடம் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

தையல்நாயகி கரண்டியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அது போன வைகாசியிலேயே போயிருச்சு," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கலியபெருமாள் பண்ணையில் இருந்தார். ராத்திரி முழுக்க எந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த சிங்காரவேலு, எல்லாம் நன்றாக ஓடுகிறது, உட்காருங்கள் அத்தான் என்றான். அத்தான் உட்காரவில்லை. குளத்தைச் சுற்றி வந்து மூன்றுக்குப் பதில் ஒன்பது குறை சொன்னார். வேலை கொடுத்தவனுக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. ஆனால் ஏழாவது குறை இரண்டு நாளில் நிற்கவிருந்த ஒரு மோட்டாரைப் பற்றியது. அதைப் பிரித்துப் பார்த்தபின் மற்ற எட்டையும் அவனே எழுதிக்கொண்டான்.

இரண்டு வாரம் போயிற்று. இறால் வளர்ந்தது. ஒரு சாயங்காலம் ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கைபேசி அடித்தது.

ஹர்ஷினி. நிழலை இன்று காலை எழுப்பினார்களாம். 'நான் காத்திருக்கல' என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அணைந்துவிட்டதாம். அதற்குப் பிறகு என்ன செய்தும் எழுந்திருக்கவில்லை. மேலதிகாரிகள் கூடிப் பேசி, கிணறுகளை மூடி ரிக் போகிற வரைக்கும் அதிலேயே இருந்து ஓட்ட, ஆறு மாதத்துக்கு அவரையே திரும்ப வேலைக்கு எடுப்பதென்று முடிவு செய்திருக்கிறார்கள். நாளைக் காலை ஹெலிகாப்டர் தயார்.

"சார்? உங்களைத்தான் சார் கேக்கறாங்க. வர்றீங்களா?"

பதினாலு மாதம் மொட்டைமாடியில் நின்று காத்திருந்த வார்த்தை. காற்றெந்திரங்கள் நான்கும் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தன. வரப்பில் சிங்காரவேலு டார்ச்சும் தூக்குவாளியுமாக வந்து, நான்கடி தூரத்தில், அவருக்கு நேர் எதிரே நின்றான்.

கலியபெருமாள் அவனைப் பார்த்தார்.

"எழுந்து வர முடியாதும்மா," என்றார் போனில். "ரிலீவர் வரல."

போனை வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிங்காரவேலு ஒன்றும் புரியாமல் நின்றான். "யாரு அத்தான்? நான்தான் வந்துட்டேனே?"

"வந்தா போதுமா மச்சான்? குளத்தைச் சுத்திப் பாத்துட்டு வந்து மூணு குறை சொல்லு," என்றார் கலியபெருமாள்.